நாற்பது கேள்விகள்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மீண்டும் ஒரு பரீட்சை மண்டபத்தில், பேனையும் அடையாள அட்டையுமாகப் போய் உட்கார நேருமென்று நான் நினைத்திருக்கவில்லை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் கடைசிப் பாடத்தை எழுதிவிட்டு வெளியே வந்த அன்று, “அல்ஹம்துலில்லாஹ், இனி நான் கேள்வி கேட்கிற ஆள், எழுதுகிற ஆள் இல்லை” என்று நண்பர்களிடம் சொன்னது ஞாபகமிருக்கிறது. இடையில் எழுதிய தடைதாண்டற் பரீட்சைகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த வாய்ப்பேச்சுக்கான பதில் 2023 பெப்ரவரியில் கேகாலையில் எனக்குக் கிடைத்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான எழுத்துப் பரீட்சை. நாற்பது கேள்வி, ஒரு மணித்தியாலம்.

என் ஊர் மாவனல்லை. படிப்பிப்பது யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில். கீழே ரப்பர், மேலே தேயிலை, அதற்கும் மேலே எங்கள் பாடசாலை. பிரதான வீதிச் சந்தியிலிருந்து ஆறு கிலோமீற்றர். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். அதைத் தவறவிட்டால் கால்தான். ஒரு காலத்தில் களனிப் பள்ளத்தாக்குச் சிறு ரயில் யட்டியாந்தோட்டை வரை வந்ததாம். 1942இல் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். எங்கள் பக்கத்து மனிதர்கள் போக்குவரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்த ரயிலில் தொடங்கி இன்று காலை வராத பஸ்ஸில் வந்து முடிப்பார்கள்.

கிழமை நாட்களில் தோட்டத்து மருந்துக்கூடத்தை அடுத்த ஓர் அறையில் தங்குவேன். வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு. திங்கள் விடிய மீண்டும் மலை. பதினைந்து வருடத்துக்கு மேல் இப்படித்தான் ஓடியது. வாப்பாவின் பழைய றலி சைக்கிளுக்கு மேலே எந்த வாகனமும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

2022 எல்லாவற்றையும் மாற்றியது. எரிபொருள் இல்லை, பஸ் இல்லை. பாடசாலைகளைச் சில வாரம் மூடினார்கள். பிறகு கிழமைக்கு மூன்று நாள் திறந்தார்கள். ஜூலையில் கியூஆர் குறியீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல். அந்த நாலு லீற்றரில் ஒரு பங்கு எனக்காக எரிந்தது. எரித்தவன் என்னுடைய பழைய மாணவன். பெயர் வேண்டாம், படித்தால் வெட்கப்படுவான்.

இருபத்தைந்து வயதுப் பையன். மாமாவின் பழைய பஜாஜில் தோட்டத்துக்குள் ஓடித் திரிவான். கடைச் சாமான் ஏற்றுவான், காய்ச்சல்காரரை மருந்துக்கூடத்தில் இறக்குவான், இரவில் யாருக்காவது வலி எடுத்தால் மாமாவின் ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஓடுவான். லைசன் கிடையாது. தோட்டத்துக்குள் யார் கேட்பது? நான் சந்தியில் இறங்கி மேலே பார்த்து நின்றால், “ஏறுங்க சேர்” என்பான். தோட்ட எல்லையைத் தாண்டி அவன் பிரதான வீதிக்கு வந்ததெல்லாம் எனக்காகத்தான். அந்த நேரம் எனக்கு அது உறைக்கவில்லை.

ஒருநாள் சந்தியில் வாகனங்களை மறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் இருந்தேன். தலையில் ஹெல்மட், மடியில் தரம் ஒன்பதின் கொப்பிக் கட்டு. என்னை இறங்கச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவனை ஓரமாகக் கூட்டிப் போனார்கள். லைசன் இல்லாமல் ஓட்டியதற்கு நீதிமன்றத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபா தண்டம்.

தோட்டத்தில் ஒருநாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். அப்போது ஒரு பேருக்கு 1000 ரூபா, 2021இல் தீர்மானிக்கப்பட்ட தொகை. ஆக இருபத்தைந்து பேர். அவன் தாயார் ரப்பர் பால் வெட்டுகிறவர். மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லை. ஒரு மாதத்தில் இருபத்தைந்து பேர் முழுசாக விழுவது எந்த லயத்திலும் அபூர்வம். முழுத் தொகையையும் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா பாதியை எண்ணி எடுத்துக்கொண்டு, “மிச்சத்த எடுத்துக்குங்க சேர், இதக் கடனா எழுதிக்குங்க” என்றார். எதில் எழுதுவது?

திரும்பி இறங்கும்போது அவனிடம் கேட்டேன்.

“ஏன்டா, இவ்வளவு நல்லா ஓட்டுறாய், லைசன் எடுத்தால் என்ன?”

“எழுத்துப் பரீட்சை இருக்குங்களே சேர்” என்றான். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அதிலென்ன? நானும் எடுக்கிறேன். ரெண்டு பேரும் போவோம்.”

சட்டென்று வந்த வார்த்தைதான். வீட்டில் போய்ச் சொன்னபோது மனைவி, “இந்த வயசில பைக் எனத்துக்கு? பஸ்ஸில பெய்த்து வாங்கோ” என்றாள். பஸ் எங்கே என்று கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. மகளுக்கு மட்டும் பெரிய சந்தோசம். வாப்பாவுக்குப் பரீட்சை வைக்க ஒரு வாய்ப்பு அவளுக்கு.

பைக் வாங்குகிற கதையை நீட்டவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து, பத்து வருடம் ஓடிய பைக்குக்கும் அது புதிதாக வந்த விலையைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். ‘முதலில் லைசன், பிறகு வாகனம்’ என்று தள்ளிப்போட அது வசதியாகவும் இருந்தது.

போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் கிளையொன்றில் சான்றிதழ் எடுத்தோம். கண்ணாடி போட்டுக்கொண்டே ஓட்ட வேண்டுமென்று எனக்குச் சொன்னார்கள். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. நூறு சீசீக்கு மேற்பட்ட சைக்கிளுக்கு ‘ஏ’, அதற்குட்பட்டதற்கு ‘ஏ1’, முச்சக்கர வண்டிக்கு ‘பி1’. நான் ஏ, அவன் ஏயும் பி1உம். பின்னேரங்களில் டவுனில் லேர்னர்ஸ் வகுப்பு. ஒரே வாங்கில் நானும் என் மாணவனும்.

முதல் நாள் வீதிச் சமிக்ஞைகள். வகுப்பெடுத்த இளைஞர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். மஞ்சள் நிறத்தில் சாய்சதுரமாக இருந்தால் அபாய எச்சரிக்கை. எண்கோணமாக இருந்தால் நிற்க வேண்டும். நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியது. தூக்கிய எந்த அட்டைக்கும் அவன் முந்திக்கொண்டு பதில் சொன்னான். நான் புத்தகத்தில் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து கல் உருளும் படத்தைக் காட்டியபோது மட்டும் வகுப்பே பேசாமல் இருந்தது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் மலை இறங்கியதைப் பார்த்த மாவட்டம் இது. அந்தப் படத்துக்கு எங்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

மலைப்பாதையில், ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய இடத்தில் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் சந்தித்தால் யார் இடம் விடுவது? இறங்குகிறவர்தான் என்று புத்தகம் சொன்னது. நான் அதை மனப்பாடம் பண்ணினேன். அவன் சொன்னான், “ஏறுற லொறி நின்னிருச்சுன்னா திரும்ப எடுக்க ஏலாதுங்க சேர், பின்னுக்கு உருளும். இறங்குறவன் பிறேக் புடிச்சா போதும்.” ஒரு விதிக்குப் பின்னால் இருக்கிற காரணத்தை நான் என் வகுப்பில் கடைசியாக எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

நம் நாட்டு வீதிச் சட்டத்தின் அடி 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். இடது பக்கம் ஓட்டுகிற வழக்கத்தைத் தந்த வெள்ளைக்காரர் தங்கள் வீதி விதிகளை 1931இல்தான் ஒரு கையேடாகப் போட்டார்கள். அவர்கள் நாட்டிலேயே சாரதிப் பரீட்சையோடு சேர்த்துக் கேட்ட கேள்விகளைப் பிரித்தெடுத்து, எழுத்துப் பரீட்சையைத் தனியாக வைத்தது 1996இல். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பரீட்சகர் வாயால் கேட்பார், ஓட்டுகிறவர் வாயால் சொல்வார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு பொறாமை வந்தது. எனக்காக அல்ல.

இரண்டாவது கிழமை மாதிரி வினாத்தாள் கொடுத்தார்கள். தமிழில்தான். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி என்று நான் குடியியல் பாடத்தில் படிப்பிக்கிறேன். எனவே தமிழில் தாள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்பியிருந்தேன். ஒரு மணித்தியாலம் முடிந்து தாளை வாங்கிப் பார்த்தால், அவன் இருபத்திரண்டாவது கேள்வியில் நின்றிருந்தான். செய்த இருபத்திரண்டில் பத்தொன்பது சரி. மிச்சத்தை நான் வாசித்துக் கேட்டேன். ஒன்றைத் தவிர எல்லாம் சொன்னான்.

அவன் வாசிப்பதைப் பிறகு பக்கத்திலிருந்து கவனித்தேன். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, உதடு அசைய, “மு… ந்… தி… ச்… செ…” என்று போய், வரியின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதற்சொல் நழுவிவிடும். திரும்பவும் முதலிலிருந்து. தரம் ஒன்பது வரை படித்தவன். தரம் ஆறிலிருந்து அவனுக்குத் தமிழ் படிப்பித்தவன் நான்.

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன் போலிருக்கிறது.

அவன் வகுப்பில் முப்பத்தொரு பேர். அவன் பின் வாங்கில் கடைசி. சொன்னால் ஓடுவான். சந்திக் கடையிலிருந்து என் சோற்றுப் பார்சலை வாங்கி வருவது, அதிபரின் கடிதத்தைத் தோட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுபோவது, பீலியில் தண்ணீர் நிரப்புவது எல்லாம் அவன். போய்வர ஒரு பாடவேளை ஆகும். பெரும்பாலும் அது தமிழ்ப் பாடவேளை, ஏனென்றால் தமிழ் என் பாடம். அவனை அனுப்ப நான் இன்னொரு ஆசிரியரிடம் கேட்க வேண்டியதில்லை. தவணைப் பரீட்சையில் பதினெட்டு, இருபத்தொன்று என்று எடுப்பான். பிள்ளைகளை மறித்து வைக்கிற வழக்கம் இல்லையென்பதால் வகுப்பேறிக்கொண்டே இருந்தான். தேர்ச்சி அறிக்கையில் ‘உதவும் மனப்பான்மை உள்ளவர்’ என்று எழுதினேன். பொய்யில்லை. 2011இல் பதினாலு வயதில் நின்றுவிட்டான். அன்று கட்டாயக் கல்வி பதினாலு வரைதான். அதைப் பதினாறாக்கியது 2016இல். எனவே சட்டப்படி என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

கலாசாலையில் எங்களுக்கு வாசிப்பு ஆயத்தம் பற்றி ஒரு முழுப் பாடம் இருந்தது. அதில் எனக்கு நல்ல புள்ளி.

“வகுப்பில எனக்குச் சொல்லியிருக்கலாமே, வாசிக்கக் கஷ்டமென்று” என்றேன் ஒருநாள். கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாதென்று பட்டது. அவன் சிரித்தான். “கொப்பியில சிவப்பால எழுதுவீங்க சேர். ‘பிழை, திரும்ப எழுது’ன்னு. பக்கத்துப் பொடியன்தான் வாசிச்சுச் சொல்லுவான். எனக்கு வாசிக்கத் தெரியாது. சிவப்பா இருந்தா பிழைன்னு மட்டும் தெரியும்.”

அதன்பிறகு லேர்னர்ஸ் வகுப்பு இல்லாத நாட்களில் என் அறையில் உட்கார்ந்தோம். அவன் வேலை முடித்து வருவான், சில நாள் அவித்த மரவள்ளியும் கட்டச் சம்பலும் கொண்டு வருவான். நான் மஃரிபைத் தொழுதுவிட்டு விளக்கைப் போடுவேன். கடையில் வாங்கிய வினாவிடைப் புத்தகம் ஒன்று இருந்தது. யார் மொழிபெயர்த்தார்களோ, ஒரு பக்கத்தில் ‘சுற்றுவட்டம்’, அடுத்த பக்கத்தில் அதே சாமானுக்கு ‘வட்டச் சந்தி’. சில வசனங்களைப் புரிந்துகொள்ள நான் சிங்களத்துக்குத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அதைத் தூர வைத்துவிட்டு, கேள்விகளில் திரும்பத் திரும்ப வருகிற சொற்களை எண்ணினேன். முந்துதல், சந்தி, கடவை, பாதசாரி, எதிரே, வளைவு, சமிக்ஞை… அறுபது சொல்லுக்குள் முக்கால்வாசித் தாளும் அடங்கிவிடுகிறது. பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி அட்டையாக்கி ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை எழுதினேன். எழுத்துக்கூட்டாமல், படத்தைப் பார்ப்பதுபோல முழுச் சொல்லாகப் பார்க்கச் சொன்னேன். வீதிச் சமிக்ஞையைத் தூரத்திலேயே அடையாளம் காண்கிறவனுக்கு அது பிடிபட்டது.

அவனை விழுத்தியவை சின்னச் சொற்கள். ‘தவிர’, ‘மட்டும்’, ‘அல்ல’. ‘பின்வருவனவற்றுள் சரியானது அல்லாதது எது?’ என்று கேட்டால், சரியான ஒன்றைக் கண்டதும் சந்தோசமாகக் கோடு போட்டுவிடுவான். எந்தப் பாதையிலும் இப்படி யாரும் பேசுவதில்லையே சேர் என்றான். உண்மைதான். ஆனால் இந்த ‘அல்லாதது எது’வை நானே எத்தனை வினாத்தாள்களில் போட்டிருக்கிறேன். ‘அல்ல’ என்ற அட்டையைச் சிவப்பு மையால் எழுதலாமா என்று நினைத்து, வேண்டாமென்று நீலத்தால் எழுதினேன்.

பரீட்சை நாள் காலையில் ரப்பர் இலை கொட்டிக்கொண்டிருந்தது. பெப்ரவரியில் எங்கள் பக்கத்தில் மரமெல்லாம் வெறும் கொம்பாக நிற்கும், பாதை முழுக்கச் சருகு. பனியில் நனைந்த சருகில் பைக் வழுக்கும், முன் பிறேக்கைத் தொடக்கூடாது என்று நடந்து வரும்போது எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். புளத்கொஹுப்பிட்டிய வழியாகக் கேகாலைக்குப் பஸ். பஸ்ஸில் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்த ஒரு சிங்களப் பெரியவர் என்ன விளையாட்டு என்று கேட்டார். “விபாகய” என்றேன். நல்லா வரட்டும் என்று வாழ்த்தினார்.

மண்டபத்தில் பாதிப் பேர் இருபது வயதுக்குட்பட்டவர்கள். பிஸ்மி சொல்லித் தாளைத் திருப்பினேன். இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். என்ஜின் எண்ணெய் பற்றிய ஒரு கேள்விக்கு மட்டும் குத்துமதிப்பாக ஒரு கோடு. பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு வரிசைக்கு முன்னால் அவன் முதுகு. விரல் வரியின் கீழே நகர்வது தெரிந்தது. நின்றது, திரும்பவும் இடது பக்கத்துக்கு வந்தது. எத்தனையோ மண்டபங்களில் மேற்பார்வையாளனாக நின்றிருக்கிறேன். நேரம் முடிந்ததென்று சொல்லித் தாளைப் பிடுங்கியும் இருக்கிறேன். கடிகாரத்தை அப்படிப் பார்த்தது அன்றுதான்.

பெறுபேறு அன்றே சொன்னார்கள். நான் சித்தி. அவனுக்கு மூன்று புள்ளி போதவில்லை. கடைசி ஏழு கேள்விகள் தொடப்படாமல் இருந்தன.

“உங்களுக்கு எத்தன சேர்?” என்றான் வெளியே வந்ததும். சொல்ல மனம் வரவில்லை. “பாஸ்தான்” என்றேன். “அப்ப நான் தேத்தண்ணி வாங்குறேன்” என்று கடைக்குள் போனான். வாங்கியும் தந்தான். திரும்புகிற பஸ்ஸில் யன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிரவே அவன் ஓட்டோ எடுத்துக்கொண்டு போனதை மறுநாள் காலை மருந்துக்கூடத்தில் சொன்னார்கள். மேல் டிவிஷனில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருக்கிறது. லைசன் இல்லாமல்தான் போனான். போகாதே என்று நான் சொல்லியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அந்தப் பிள்ளை நலமாகப் பிறந்தது.

அட்டைகள் நூற்றிப்பத்தாக வளர்ந்தன. சித்திரைப் புத்தாண்டு முடிந்து மீண்டும் எழுதினான். நோன்பு நேரம் என்பதால் நான் கூடப் போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு இன்னொரு மணித்தியாலம் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. பகல் ஒரு மணி போல போன் வந்தது. “சேர், நாப்பதாவது கேள்வியையும் வாசிச்சேன்” என்றான். பாஸா என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது. “ஓ, அதுவும்.”

இந்த வருடம் தரம் எட்டில் கடைசி வாங்கில் ஒருவன் இருக்கிறான். சொன்னால் ஓடுவான். சோற்றுப் பார்சலுக்கு நானே போகிறேன். தமிழ்ப் பாடவேளையில் அவன் என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறான். அட்டைக் கட்டு இப்போது அவன் கையில். மோட்டார் சைக்கிள் சொற்களாகவே இருப்பதால் அவனுக்கு மெத்தப் பிடித்துவிட்டது.

நான் ஓட்டப் பழகிய கதையையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். அந்தக் கிழமை நான் ஊருக்குப் போகவில்லை. மாமாவின் பஜாஜ், முன்னும் பின்னும் எல் பலகை. லயத்துப் பிள்ளைகள் கட்டில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஏழெட்டுப் பேர் என் மாணவர்கள். எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தவன் என்ற தைரியத்தில் ஏறி உட்கார்ந்தேன். முதலாவது கியர் போட்டேன். கிளச்சை விட்டேன். பைக் ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் வகுப்பில் நிற்பதுபோலவே நின்றான்.

“பிழை சேர்” என்றான். “திரும்ப எடுங்க.”